‘ஹெல்மெட் 85 சதவீதம் காப்பாற்றும்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க டாக்டர்!’

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 51, அலுவலக வேலை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். உடம்பு இளைக்கச் சொன்னதால் சைக்கிள் வாங்கி, இப்போது ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய் வருகிறார். சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற ஒரு குரூப்பில் உறுப்பினர். பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. மலையிறக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் விழுந்து தலையில் அடிபட்டபோது, இவர் ஹெல்மெட்டின் அருமையைப் பற்றிப் பதிவு போட்டிருக்கிறார். உடனே முகம் தெரியாத ஒருவர், “ஹெல்மெட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆராய்ச்சியே சொல்கிறது. நெதர்லாந்தில் யார் போடுகிறார்கள்?” என்று பதில் போட்டார். இவர் ஹெல்மெட் தலைக்காயத்தை 85 சதவீதம் தடுக்கும் என்றார். அவர் ஆஸ்திரேலியாவில் சட்டம் போட்டும் பலனில்லை என்றார். இவர் “போலி டாக்டர்” என்றார். அவர் “கிளார்க்குக்கு எதுக்கு மெடிக்கல் ஜர்னல்?” என்றார். இரண்டு மாதமாக ராத்திரி ஒரு மணி வரை இதே வேலை.

கடைசியில் அந்தப் பையனின் சி.டி. ஸ்கேன் படத்தை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தெரிந்தவர் மூலம் வாங்கி குரூப்பில் போட்டிருக்கிறார். எதிராளி வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட வருகிற நண்பர்கள் “ஹெல்மெட் சார் வந்துட்டாருப்பா” என்று சிரிக்கிறார்கள். மனைவி, “என்னங்க, அந்தப் போனை வெச்சுட்டுப் படுங்க” என்று சொல்லிச் சொல்லி இப்போது சொல்வதையே விட்டுவிட்டார். பத்தாவது படிக்கும் மகள் அஸ்தம்பட்டியில் டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறாள், வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

அவர் கேட்பது: எதிராளி வாயை மூடும்படி 85 சதவீதம் என்று ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும்? மகளுக்கு என்ன சொல்வது? குரூப்பை விட்டு வெளியேறுவதா, வேண்டாமா?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட நாலுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், மூன்றாவது பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: “மேலே போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டால் சரியாகிவிடும்.” களைப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, மாதிரித் தெரிகிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது சுலபத்தில் வராது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் மலை ஏறினால், தசைகள் ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்கும், மாத்திரை இன்னொரு பக்கம் இறக்கும். கை நடுக்கம் முதல் எச்சரிக்கை. அதற்கடுத்த கட்டம் கண் மங்குவது, கவனம் சிதறுவது, தப்பான முடிவு எடுப்பது. அது இறங்கும்போது வந்தால், வளைவில் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் உங்களுக்குத் தெரியாது. உலகத்தில் எந்த ஹெல்மெட்டும் அந்த இடத்தில் போதாது.

எனவே ஏறுமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடுக்கம் வந்தால் சைக்கிளை ஓரம் கட்டி, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டர் காட்டும் எண்ணும் உடம்பும் சரியாகும்வரை மலையிறங்காதீர்கள். மலை ஏறிய அன்று ராத்திரியும் சர்க்கரை இறங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த ஏற்றத்துக்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

இப்போது ஹெல்மெட்டுக்கு வருவோம்.

அந்த 85 எங்கிருந்து வந்தது?

85 சதவீதம் என்று நான் எழுதித் தர மாட்டேன். அந்த எண் பொய் இல்லை, ஆனால் பழையது, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவது.

1989-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வு ஒன்று வந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 235 பேரை எடுத்துக்கொண்டார்கள். விழுந்து, ஆனால் தலையில் அடிபடாமல் கை காலில் அடிபட்டு வந்த 433 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். தலையில் அடிபட்டவர்களில் 7 சதவீதம் பேர்தான் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். மற்றவர்களில் 24 சதவீதம். வயது, அனுபவம் மாதிரியான வித்தியாசங்களுக்குக் கணக்கில் ஈடுகட்டிப் பார்த்தபோது ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 85 சதவீதம் குறைவு என்று வந்தது.

இந்த மாதிரி ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் காசு கொடுத்து ஹெல்மெட் வாங்கிப் போட்டவர் எப்படிப்பட்டவர்? சிக்னலில் நிற்பவர், பூங்காப் பாதையில் ஓட்டுபவர், பிள்ளையை மெயின் ரோட்டுக்கு அனுப்பாதவர். அவர் தலை தப்பியதில் ஹெல்மெட்டுக்கு எவ்வளவு பங்கு, அவருடைய சுபாவத்துக்கு எவ்வளவு பங்கு என்று முழுசாகப் பிரிக்க முடியாது. பிறகு வந்தவர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017-இல் ஆஸ்திரேலியாவின் ஆலிவியரும் கிரைட்டனும் 40 ஆய்வுகளை, அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களை வைத்துக் கணக்கிட்டதில், ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும் குறைவு என்று வந்தது. 2018-இல் நார்வேயின் ஹோயே 55 ஆய்வுகளைச் சேர்த்தார். அதில் 48-உம் 60-உம். அமெரிக்க அரசு அமைப்புகளே 2013-இல் 85-ஐ மேற்கோள் காட்டுவதைக் கைவிட்டன.

பாதிக்குப் பாதி என்பதே பெரிய விஷயம், சார். ஒரு மாத்திரை பக்கவாதத்தைப் பாதியாகக் குறைத்தால் நாங்கள் ஊர் முழுக்கக் கொடுப்போம். நீங்கள் 85-ஐ விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டதால் எதிராளிக்கு வேலை சுலபமாகிவிட்டது. அந்த ஒரு எண்ணை உடைத்துவிட்டு, ஹெல்மெட்டையே உடைத்துவிட்டதாக அவர் காட்டிக்கொள்ள முடிகிறது.

இன்னொன்று, உங்கள் பதிவுகளில் “நூறு பேர் போட்டால் 85 பேர் பிழைப்பார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பொருள் இல்லை. இந்த எண்கள் எல்லாம் ஏற்கெனவே விழுந்து அடிபட்டவர்களுக்குள் ஒப்பிட்டவை. நூறு பேர் ஒரு வருடம் ஓட்டினால் அதில் பெரும்பாலானவர்களுக்குத் தலையில் அடியே படாது.

எதிராளி சொல்வதில் சரியானது எது?

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தேன். பேச்சு சரியில்லை, ஆனால் அவர் காட்டும் தாள்கள் உண்மையானவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990-இல் சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமானது, நியூசிலாந்தில் 1994-இல். தலைக்காயம் குறைந்தது. கூடவே சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கையும், குறிப்பாகப் பதின்ம வயதினர் எண்ணிக்கையும் குறைந்தது என்று கணக்கெடுப்புகள் காட்டின. ஓட்டுகிற ஆள் குறைந்தால் அடிபடுகிற ஆளும் குறையத்தானே செய்யும்? இதை வைத்து ராபின்சன் என்பவர் 2006-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் சட்டத்தால் பலன் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று எழுதினார். மறுத்தும் எழுதினார்கள். 2013-இல் கனடாவின் ஆஸ்பத்திரி அனுமதிகளை ஆராய்ந்தபோது, தலைக்காயங்கள் சட்டத்துக்கு முன்பே குறைந்துகொண்டு வந்ததால் சட்டத்தின் பங்கு மிகச் சிறியதாகவே தெரிந்தது.

கவனியுங்கள். அவர் பேசுவது, ஒரு நாடு முழுக்கக் கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. நீங்கள் பேசுவது, விழுந்து தலை தரையில் மோதுகிற ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி. முதல் கேள்விக்குப் பதில் குழப்பமானது, நிபுணர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டாவதற்குப் பதில் ஓரளவு தெளிவானது. இரண்டு மாதமாக ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மற்றவர் முட்டாள் என்று நினைத்திருக்கிறீர்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிக்கிற சைக்கிளுக்கு இல்லை. இங்கே இல்லாத சட்டத்தைப் பற்றி நீங்கள் இருவரும் சண்டை போடுவதில் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையும் இருக்கிறது.

நெதர்லாந்து விஷயமும் அப்படித்தான். அங்கே பெரும்பாலோர் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், ஓட்டுகிற தூரத்துக்கு இறப்பு குறைவு. ஆனால் 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். தாய் தகப்பன்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குப் பிறகு வந்தவைதான் தனிப் பாதைகள், வேகக் கட்டுப்பாடுகள், சந்திப்புகளின் மறுவடிவமைப்பு. ஹெல்மெட்டைக் கழற்றியதால் அவர்கள் பத்திரமாக இல்லை. பஸ்ஸையும் சைக்கிளையும் பிரித்து வைத்ததால் பத்திரமாக இருக்கிறார்கள். நம் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்க்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹெல்மெட் போட்டால் வண்டிக்காரர்கள் நெருங்கி வருவார்கள் என்று அவர் சொன்னதற்கும் மூலம் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாக்கர், சைக்கிளில் அளவுகருவி பொருத்தி ஓட்டிப் பார்த்து, ஹெல்மெட் போட்டபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி முந்தியதாக 2007-இல் வெளியிட்டார். ஆய்வின்போது அவரையே ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் இடித்தன, பாவம். அதே தரவை 2013-இல் வேறு இருவர் ஆராய்ந்து, ஒரு மீட்டருக்குள் நெருங்கும் ஆபத்தான முந்தல்கள் ஹெல்மெட்டால் கூடவில்லை என்றார்கள். இதை வைத்து யாரும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

ஏற்காட்டு இறக்கத்தில் அது என்ன செய்யும்?

“20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சோதித்த ஹெல்மெட், 50-இல் இறங்குகிறவனுக்கு எதற்கு?” என்று அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் திட்டியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி அது. ஐரோப்பிய தரமான ஈ.என். 1078-இல் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பில் போட்டுச் சோதிப்பார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. ஒன்றரை மீட்டர் என்பது சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறவரின் தலை ஏறக்குறைய இருக்கும் உயரம். மணலில் சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்தால், நீங்கள் 50-இல் வந்தாலும் தலை கீழ்நோக்கித் தரையைத் தாக்கும் வேகம் அந்த உயரத்தைப் பொறுத்தது. மீதி வேகம் உரசிக்கொண்டு போவதில் செலவாகும். அங்கே ஹெல்மெட் வேலை செய்யும், அதன் உள்ளே இருக்கும் தெர்மகோல் மாதிரியான நுரை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் தடுப்புச் சுவரில் நேராக மோதினாலோ எதிரே வரும் பஸ்ஸில் மோதினாலோ முழு வேகமும் தலைக்கு வரும். அதற்கு அது போதாது. கழுத்து, மார்பு, வயிறு ஆகியவற்றுக்கும் அது ஒன்றும் செய்யாது.

அதனால் எதிராளி பாதி சரி. அந்தப் பாதியிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு ஹெல்மெட்டைக் கழற்றுவது இல்லை, வேகத்தைக் குறைப்பது. ஏற்காட்டு இறக்கத்துக்கு ஹெல்மெட், நல்ல பிரேக் கட்டை இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் பிரேக் கட்டையை எடுப்பேன். குரூப்பில் இரண்டு மாதமாக ஒருவர்கூட பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். ரிம்மில் பிடிக்கிற பிரேக்கை இறக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இடையிடையே காட்சி முனைகளில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள். கொண்டை ஊசியில் பஸ் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கு வேண்டும், அதோடு குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. கீழே வருகிற நீங்கள்தான் நிற்க வேண்டும். மழை விட்டதும் பனிமூட்டம் இறங்கும் நேரத்தையும், கோடை விழா நாட்களின் கூட்டத்தையும் தவிருங்கள். ரோட்டோரத்தில் கார்க்காரர்கள் தீனி போட்டுப் பழக்கிய குரங்குகள் எப்போது குறுக்கே பாயும் என்று அவற்றுக்கே தெரியாது.

அந்த ஸ்கேன் படமும் வக்கீல் நோட்டீஸும்

கடிதத்தில் என்னை உண்மையிலேயே சங்கடப்படுத்தியது இதுதான். படத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள், அழிக்க முடியாவிட்டால் குரூப் நிர்வாகியிடம் சொல்லுங்கள். ஸ்கேன் ஃபிலிமின் மூலையில் நோயாளியின் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண், தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். நீங்கள் அனுப்பிய பிரதியில் அது அப்படியே இருக்கிறது. அந்தப் பையனிடமோ பெற்றோரிடமோ நீங்கள் கேட்கவில்லை. நல்ல நோக்கத்தோடுதான் போட்டேன் என்கிறீர்கள். நோக்கம் எதுவானாலும் நோயாளியின் படம் அவருடையது. எடுத்துக் கொடுத்தவரின் வேலைக்கும் அது உலை வைக்கும். அந்தக் குடும்பத்தை நேரில் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள், பையன் எப்படியிருக்கிறான் என்றும் விசாரியுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நோட்டீஸ் விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, அடிப்படையை மட்டும் சொல்கிறேன். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் வருகிறது, இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. ஆராய்ச்சியைப் பற்றி மாறுபட்டுப் பேசுவது அவதூறு ஆகாது. ஆனால் பதிவு பெற்ற ஒரு டாக்டரைப் பலர் பார்க்கும் இடத்தில் “போலி டாக்டர்” என்று எழுதுவது அவருடைய தொழிலையே தொடுகிற குற்றச்சாட்டு. அவர் டாக்டரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் எழுதிய சொல்லைத் திரும்பப் பெறுவதில் மானம் போகாது. இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து எழுதுங்கள். அவர் உங்களைப் பற்றி எழுதியதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் நிஜமாகவே வந்தால் நீங்களாகப் பதில் எழுதாமல் ஒரு வக்கீலிடம் கொண்டுபோங்கள். வீடு, மகள் பற்றி மிரட்டல் வந்தால் மட்டும் தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள். இணையத்தில் புகார் செய்ய தேசிய சைபர் குற்றத் தளமும் இருக்கிறது.

குரூப்பை விட்டு வெளியேறுவதா?

அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என் அபிப்பிராயம், கடைசியாக ஒரு பதிவு போட்டுவிட்டு இந்த விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மனிதரை உங்களால் மாற்ற முடியாது, அவராலும் உங்களை மாற்ற முடியவில்லை. ஆனால் குரூப்பில் வாயே திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் பத்து இருபது பேர் இருப்பார்கள், அவர்களில் சிலர் புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்கள். அவர்களுக்கு எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

“85 சதவீதம் என்று நான் போட்டது பழைய ஆய்வு. பிறகு வந்த தொகுப்புகளில் தலைக்காய வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைவதாகத் தெரிகிறது. கட்டாயச் சட்டத்தால் பலன் உண்டா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, நண்பர் சொன்னது அந்த விஷயத்தில் நியாயம். நான் போடுகிறேன், மலையில் வருகிறவர்களும் போடுவது நல்லது என்று நினைக்கிறேன். அவரைப் பற்றி எழுதிய சொல்லுக்கு வருந்துகிறேன்.”

இதற்கு அவர் நாலு பதில் போடுவார். போடட்டும். படித்தே தீருவேன் என்றால் காலையில் படியுங்கள். ராத்திரி ஒரு மணி வரை முழித்திருந்து கோபத்தோடு படுக்கிறீர்கள், மூன்று மாத சராசரி சர்க்கரை ஏறிவிட்டது என்றும் வருத்தப்படுகிறீர்கள். தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, பசியும் கூடும். சர்க்கரை ஏறியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சைக்கிள் வேண்டாம் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 2010-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுகிறவருக்கு உடற்பயிற்சியால் கூடும் ஆயுள் 3 முதல் 14 மாதம், விபத்தால் குறையும் ஆயுள் 5 முதல் 9 நாள். நம் ரோட்டில் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, இடைவெளி இவ்வளவு பெரிதாகவும் இருக்காது. ஆனாலும் உங்கள் நோய்க்குச் சைக்கிள் நல்ல மருந்துதான்.

குரூப்பில் உருப்படியாக எதையாவது பதித்து வைக்க வேண்டுமென்றால் இதைப் பதியுங்கள். அந்தப் பையன் விழுந்ததும் எழுந்து நடந்தான், பேசினான், வீட்டுக்குப் போனான், ராத்திரிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டும்போது இப்படி நடப்பதுண்டு. முதலில் தெளிவாக இருப்பார்கள், சில மணி நேரத்தில் சரிவார்கள்.

தலையில் அடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்:

- கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, நடந்தது ஞாபகமில்லாதது
- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
- எழுப்பினாலும் தூங்கி வழிவது, குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது
- வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாக இருப்பது
- காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி வடிவது
- ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்

கழுத்தில் வலி இருந்தால் ஆளைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்க வேண்டாம். 108-ஐ அழைத்து, எந்த வளைவு என்று எண்ணோடு சொல்லுங்கள். செலவுக்குப் பயந்து தாமதிக்க வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உதவி செய்கிறவர் கேஸில் மாட்டிக்கொள்வார் என்ற பயமும் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. விழுந்து அடி வாங்கிய ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீர்கள். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

மகளுக்கு

“நான் போட்டா அப்பா போட்டோ எடுத்து குரூப்புல போடுவாரு, அதான் போட மாட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னாளாமே. அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. போட்டோ எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைக்குக் கூட்டிப்போய் அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பின்னல் வெளியே வர இடமுள்ளதும், காற்றோட்டமானதும் கிடைக்கின்றன. உள்ளே ஈ.என். 1078 அல்லது அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு நேராக உட்கார வேண்டும். வார் காதுக்குக் கீழே வி வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். வீட்டிலிருக்கும் பைக் ஹெல்மெட்டையே கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அது வேறு வேகத்துக்குச் செய்தது, கனம் அதிகம், காது கேட்காது, வெயிலில் மிதிக்கிற பிள்ளைக்கு வெந்துவிடும்.

ஹெல்மெட் போடாவிட்டால் சைக்கிளே கிடையாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதினைந்து வயதில் சைக்கிளை விட்ட பெண் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்ப ஏறுவதில்லை. டியூஷன் விட்டு எட்டு மணிக்கு இருட்டில் வருகிறாள் என்றால் எனக்கு முதல் கவலை விளக்குதான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று இரண்டு விளக்கு இன்றைக்கே மாட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகாமல் அவளோடு அஸ்தம்பட்டி வரை ஓட்டிப் பாருங்கள். மெயின் ரோட்டைத் தவிர்த்து உள் தெருக்கள் வழியாகப் போக முடிகிறதா, எந்த இடத்தில் பஸ் இடது பக்கம் ஒடிக்கிறது, எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது நல்லது என்று இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்யுங்கள். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் இடது பக்கத்தில் புகாதே என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மற்றதில் அவள் சொல்வதையும் கேளுங்கள், அந்த ரோட்டில் தினமும் போகிறவள் அவள்தான்.